ஓடாத காரின் பேட்டரி: மண்ணூர்பேட்டைச் சாலையில் மின்னேற்றும் தொழிலின் வரலாறு

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பாடியைக் கடந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்துள்ள மண்ணூர்பேட்டையின் குடியிருப்புத் தெருக்களில், உறை போர்த்தப்பட்டு வாரக்கணக்கில் நகராமல் நிற்கும் கார்களைக் காண்பது இன்று இயல்பாகிவிட்டது. அவ்வாறு நிற்கும் காரின் பேட்டரியோடு இரண்டு கிளிப்புகளால் இணைத்து, மறுமுனையை வீட்டு பிளக் பாயிண்டில் செருகி, நாட்கணக்கில் அப்படியே விட்டுவைக்கத்தக்க சிறு கருவி ஒன்று அண்மை ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் என்று விற்கப்படும் இக்கருவி, பேட்டரியை முழு அளவுக்கு நிரப்பியபின் மின்னோட்டத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டு, அன்றாடம் கசிந்து போகும் அளவை மட்டும் ஈடு செய்து, பேட்டரியை எப்போதும் நிறைந்த நிலையில் வைத்திருக்கிறது. கருவி அண்மைக் காலத்தது என்றாலும் அது செய்யும் வேலைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வேலையின் பொறுப்பு பேட்டரிக் கடைக்காரரின் கையிலிருந்து காரின் எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து ஒரு மின்னணுச் சுற்றுக்கும் மாறி வந்ததே அந்த வரலாறாகும். அதைச் சொல்வதற்கு மண்ணூர்பேட்டையை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஏனெனில் காரின் பேட்டரியை நிரப்பும் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் பல பத்தாண்டுகளாக உற்பத்தியாகும் ஆலை இதற்கு அடுத்த ஊரான பாடியில்தான் இருக்கிறது.

கார்களில் பயன்படும் ஈய-அமில பேட்டரியை 1859இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே. ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்று அவர் காட்டினார். 1881இல் அதே நாட்டின் கமில் ஃபோர், ஈய ஆக்சைடைக் களிம்பாக்கித் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்த பிறகே அது பெருமளவில் உற்பத்தி செய்யத்தக்க பொருளாயிற்று. ஒரு செல் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு செல்களைத் தொடராக இணைத்தால் இன்றைய காரின் 12 வோல்ட் பேட்டரி கிடைக்கும். இதன் பிறவிக் குறை, சும்மா இருந்தாலும் தன் மின்னேற்றத்தைத் தானே இழப்பது. இழக்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் என்னும் வெண்ணிறப் பொருள் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும், வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகங்களாக இறுகி, பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் முழுவதும் திரும்பாது. தொழில்நூல்கள் சல்பேஷன் என்று குறிப்பிடுவதும், கடைக்காரர்கள் ‘பிளேட் செத்துப்போச்சு’ என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த நிலையைத்தான். பேட்டரியை நிறைவாக வைத்திருப்பது ஏன் தனியொரு தொழிலாயிற்று என்பதற்கு இந்த வேதியியலே காரணம்.

தொடக்க காலக் கார்களில் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை இயக்கினார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட பிறகு பேட்டரி காரின் இன்றியமையாத உறுப்பாயிற்று. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் அந்த ஸ்டார்ட்டரை ‘செல்ஃப்’ என்றே அழைக்கிறார்கள். பேட்டரி இறங்கிய காரைப் பற்றி ‘செல்ஃப் எடுக்கல’ என்று சொல்லும் வழக்கு இன்றும் மாறவில்லை. ஆயினும் அம்பாசடர் போன்ற கார்களில் கைப்பிடி நெடுங்காலம் உடன் வந்துகொண்டிருந்தது என்பதிலிருந்து, பேட்டரியின்மேல் ஓட்டுநர்கள் வைத்திருந்த நம்பிக்கையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

பேட்டரியை ஏற்றுவதற்கு ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம் வேண்டும். நகரங்களில் தொடக்கத்தில் நேர்மின்னோட்டமே வழங்கப்பட்ட இடங்களில், பேட்டரியோடு சில மின்விளக்குகளைத் தொடராக இணைத்து, அவ்விளக்குகள் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த, மெதுவாக ஏற்றிக்கொள்ள முடிந்தது. திசை மாறிப் பாயும் மாறுமின்னோட்டம் பரவியபோது, அதை ஒரு திசைப்படுத்தும் ரெக்டிஃபயர் என்னும் கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1916 வாக்கில் கொண்டுவந்த, டங்ஸ்டன் இழையும் ஆர்கான் வாயுவும் கொண்ட டங்கர் பல்புச் சார்ஜர் இதில் புகழ்பெற்றது. அடுத்து செலீனியம் தகடுகளும், 1950களுக்குப் பின் சிலிக்கான் டயோடுகளும் அதன் இடத்தைப் பிடித்தன. மின்கம்பிகள் எட்டாத ஊர்களில் ரேடியோப் பெட்டிகள் பேட்டரியில் பாடிய காலத்தில், மின்வசதி உள்ள அருகிலுள்ள ஊருக்கு அந்த பேட்டரிகளையும் கொண்டுவந்து ஏற்றிச் செல்வது வழக்கமாக இருந்ததால், சார்ஜ் போடும் கடை மோட்டார் வண்டிகளை மட்டும் நம்பி இருக்கவில்லை.

அத்தகைய கடையின் வேலைமுறையைச் சற்று விரிவாகவே பதிவு செய்வது தகும். ஏனெனில் இன்றைய கருவி செய்யும் ஒவ்வொரு முடிவையும் அங்கே ஒரு மனிதர் கண்ணாலும் மூக்காலும் செய்துகொண்டிருந்தார். ஒரே அளவுள்ள பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்து, ஆம்பியர்-மணியில் குறிக்கப்படும் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 6 ஆம்பியர் அளவுக்கு, மின்னோட்டத்தை வைத்து, இரவு முழுவதும் விட்டுவைப்பது ‘ஸ்லோ சார்ஜ்’ எனப்பட்டது. ஏற்றும்போது வாயு வெளியேறுவதற்காக மூடிகள் திறந்தே இருக்கும். நிறைவை நெருங்கும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிகளாகக் கிளம்பும். எல்லாச் செல்களும் ஒரே சீராகக் ‘கொதிக்கிறதா’ என்பதே கடைக்காரரின் முதல் சோதனை. பின்னர் ரப்பர் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழலான ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் சிறு மிதவை எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்து, அமிலத்தின் ஒப்படர்த்தியை, அவர்கள் மொழியில் ‘கிராவிட்டி’யை, குறித்துக்கொள்வார்கள். குளிர்நாட்டு நூல்கள் நிறைவுக்கு 1.28 வரை சொல்ல, வெப்ப நாடுகளில் தகடுகள் விரைவில் அரிக்கப்படாமல் இருக்க 1.24 அளவிலேயே அமிலத்தை நிரப்புவது உற்பத்தியாளர்களின் வழக்கமாதலால், அந்நிய நூலை அப்படியே பின்பற்றியவர் நல்ல பேட்டரியையும் குறை சொல்ல நேரிட்டிருக்கும். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளும் மாறாமல் நின்றால் பேட்டரி நிறைந்தது என்று பொருள். ஐந்து செல்கள் ஏறி ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்தச் செல்லில் கோளாறு. அன்றைய பேட்டரிகள் கடின ரப்பர்ப் பெட்டியில், தார்க் கலவையால் மூடி ஒட்டப்பட்டு, செல்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளிப்படையாகத் தெரியும்படி செய்யப்பட்டிருந்ததால், அந்த ஒரு செல்லைத் திறந்து தகடு மாற்றி மீண்டும் மூடவும் முடிந்தது. பிளாஸ்டிக் பெட்டிகள் உருக்கி ஒட்டப்பட்ட மூடிகளோடு வந்தபின் அந்தப் பழுதுபார்ப்பு முற்றிலும் மறைந்துபோனது. அந்த மறைவில் இழப்பு மட்டும் இல்லை. ஈயத்தை உருக்கும் புகையையும் அமில ஆவியையும் எவ்விதப் பாதுகாப்பும் இல்லாமல் சுவாசித்த தொழிலாளர்களுக்கு அது ஓரளவு விடுதலையும் ஆகும். பயன்படுத்தி முடித்த பேட்டரிகளை விற்பனையாளர்கள் திரும்பப் பெற வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கட்டாயப்படுத்திய பின்னரே ‘பழைய பேட்டரி எக்ஸ்சேஞ்ச்’ என்பது முறையான வழக்கமாக வலுப்பெற்றது.

புதிய பேட்டரி விற்பனையிலும் கடைக்கு ஒரு பெரும் பொறுப்பு இருந்தது. அமிலமில்லாமல் வந்து சேரும் பேட்டரியில் அமிலம் ஊற்றி, சூடு ஆறவிட்டு, நீண்ட நேரம் ‘முதல் சார்ஜ்’ போட்டுத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். அந்த முதல் ஏற்றத்தில் அவசரப்பட்டால் பேட்டரியின் ஆயுள் முழுவதும் அதன் விளைவு தெரியும். கொல்கத்தாவுக்கு அருகே சாம்நகரில் ஆலை கொண்டு, 1947இல் அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் (ஈஸ்டர்ன்) என்ற பெயரில் பதிவாகி, பின்னர் குளோரைடு இந்தியாவாகி, 1995இல் எக்ஸைடு இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் பேட்டரிகள் நாடெங்கும் பரவியது இத்தகைய கடைகளின் வழியாகத்தான். தமிழ்நாட்டில், அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1948இல் நேருவால் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது. பேட்டரி அதன் முதன்மையான ஆய்வுத் துறைகளுள் ஒன்று.

மண்ணூர்பேட்டையைச் சூழ்ந்த நிலம் தொழிற்பகுதியாக மாறியது இதே காலத்தில்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலையும் டன்லப் டயர் ஆலையும் எழுந்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமம் பாடியில் சக்கரம், பிரேக், மின்பாகம் ஆகியவற்றுக்கான ஆலைகளை அடுத்தடுத்து நிறுவியது. அவற்றுள் 1961இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டாகத் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ்., ஸ்டார்ட்டர் மோட்டாரையும் டைனமோவையும் இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. அந்த ஆலை அமைந்த சாலைச் சந்திப்பு இன்றுவரை பேருந்துகளிலும் பேச்சிலும் ‘லூகாஸ்’ என்றே வழங்குகிறது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் பரப்பில் உருவானபோது, பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் மண்ணூர்பேட்டையின் வாசலுக்கே வந்துவிட்டன. ஆர்மேச்சர் சுற்றவும், கார்பன் மாற்றவும், செல்ஃப் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்யவும் கற்றுக்கொண்ட கைகள் ஓர் ஊரில் இவ்வளவு அடர்த்தியாகச் சேர்ந்தால், சாலையோரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளின் தரமும் அதற்கேற்ப உயர்வது இயல்பு.

டைனமோவின் காலத்தில் காரின் பேட்டரி நிறைவாக இருப்பது அரிது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவிலிருந்து கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பேட்டரியிலிருந்து டைனமோவுக்குப் பின்னோக்கிப் பாயாதபடி ‘கட்அவுட்’ என்னும் சிறு ஸ்விட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். இரவில் முகப்பு விளக்கோடு நெரிசலில் ஊர்ந்த வாடகைக் கார் வீடு திரும்பும்போது, கிளம்பியபோது இருந்ததை விடக் குறைந்த மின்னேற்றத்தோடுதான் திரும்பும். ஆகவே பேட்டரியை அவ்வப்போது கழற்றிக் கடையில் கொடுத்து ஏற்றிக்கொள்வது பராமரிப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. மாறுமின்னோட்டத்தை உண்டாக்கி, தன்னுள்ளேயே இருக்கும் டயோடுகளால் அதை நேர்ப்படுத்தும் ஆல்டர்னேட்டர், அமெரிக்காவில் 1960 வாக்கில் கிரைஸ்லர் கார்களில் தொடங்கி உலகெங்கும் பரவி, இந்தியாவில் 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800க்குப் பின் பொதுவான வழக்கமாகி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரத்தைத் தந்தது. அதோடு, மின்னேற்றும் பொறுப்பு கடையிலிருந்து காருக்குள் குடிபுகுந்தது. சார்ஜ் போடும் இடமாக இருந்த பேட்டரிக் கடை, பெரும்பாலும் பேட்டரி விற்கும் இடமாக மாறியதற்கு இதுவே முதற்காரணம்.

நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கும் கலை இதற்கிடையில் வேறோர் இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. தொலைபேசி இணைப்பகங்கள் 24 ஈய-அமிலச் செல்களைக் கொண்ட 48 வோல்ட் பேட்டரித் தொகுதிகளை, மின்சாரம் தடைபடும் நொடியில் பயன்படுவதற்காக, ஆண்டு முழுவதும் ரெக்டிஃபயரோடு இணைத்தே வைத்திருந்தன. செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.25 வோல்ட் என்ற அளவில் மின்னழுத்தத்தை நிறுத்திவைத்தால், கசிவது மட்டும் ஈடாகும், அமிலம் கொதிக்காது என்று அவர்கள் கண்ட இந்த நிலைக்கு ‘ஃப்ளோட்’, அதாவது மிதவை நிலை, என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹேரிங், தாமஸ் ஆகிய இருவர் 1935இல், ஈயத்தோடு வழக்கமான ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியத்தைக் கலந்து, கசிவு மிகக் குறைந்த தகடுகளை உருவாக்கியதும் இந்தத் தேவைக்காகவே. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத இன்றைய கார் பேட்டரிக்கு அந்தத் தொலைபேசி ஆய்வே முன்னோடி. மண்ணூர்பேட்டை மக்களின் வீடுகளுக்குள் மிதவை நிலை வந்து சேர்ந்தது இன்வர்ட்டர் வழியாக. 2008இல் தொடங்கி 2012இல் உச்சத்தை எட்டிய மின்வெட்டுக் காலத்தில், அம்பத்தூர் பட்டறைகள் வேலை நேரத்தை இழந்து தவித்தபோது, குடும்பங்கள் வாங்கி வைத்த இன்வர்ட்டர் நாள் முழுவதும் செய்துகொண்டிருந்தது இந்தப் பராமரிப்பு மின்னேற்றத்தைத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்பதை அறிந்த வீடுகள்கூட, வாசலில் நின்ற காரின் பேட்டரிக்கும் அதே கவனம் தேவைப்படும் என்று அப்போது எண்ண வேண்டியிருக்கவில்லை, கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நிலைமையை மாற்றியவை இரண்டு. முதலாவது, காரின் மின்னணுவியல்: கடிகாரம், மையப் பூட்டு, திருட்டு எச்சரிக்கை, எஞ்சின் கணினியின் நினைவகம் ஆகியவை சாவி எடுத்த பின்னும் சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கசிவு 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், ஒரு வாரத்தில் 5 ஆம்பியர்-மணியும் ஒரு மாதத்தில் 21 ஆம்பியர்-மணிக்கு மேலும் போய்விடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பாதிக்கும் மேல். இரண்டாவது, ஓடாத கார்: வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விட்டுச் சென்றது, மெட்ரோவும் செயலி வழி டாக்சியும் வந்தபின் ஞாயிறு மட்டும் எடுக்கப்படுவது, இரு சக்கர வண்டியே போதும் என்று ஓரங்கட்டப்பட்டது எனப் பல வகை. 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கு இதை ஒரே வீச்சில் எல்லோருக்கும் உணர்த்தியது. தளர்வு வந்ததும் மெக்கானிக்குகளுக்குப் போன அழைப்புகளில் பெரும்பகுதி செல்ஃப் எடுக்காத கார்களைப் பற்றியதாகவே இருந்தது.

‘வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள்’ என்ற அறிவுரை அப்போது எங்கும் கேட்டது. ஒன்றுமே செய்யாததற்கு அது மேல்தான் என்றாலும், கணக்கு அதற்கு முழு ஆதரவு தருவதில்லை. வாரத்தில் இழந்த 5 ஆம்பியர்-மணியை நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடும் எஞ்சின் திருப்பித் தர இயலாது, ஏ.சி.யும் விளக்கும் எரிந்தால் கிடைப்பது இன்னும் குறையும். மேலும் ஈய-அமில பேட்டரி, எண்பது விழுக்காடு வரை விரைவாக ஏற்றுக்கொண்டு, கடைசி இருபது விழுக்காட்டுக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்தக் கடைசிப் பங்கு நிறையாமலே நாள் கழிந்தால்தான் சல்பேட் இறுகுகிறது. பழைய கடைக்காரர் இரவு முழுவதும் விட்டுவைத்ததன் காரணம் இதுவே. வாரம் ஒருமுறை மண்ணூர்பேட்டையிலிருந்து திருவள்ளூர் வரை சென்று திரும்புபவருக்குச் சார்ஜர் வேண்டாம். அண்ணா நகர் வரை சென்று திரும்புபவருக்கு வேண்டியிருக்கும்.

பராமரிப்புச் சார்ஜர் செய்வது, அந்த இரவு வேலையையும் இணைப்பகத்தின் மிதவை நிலையையும் ஒரே பெட்டியில் சேர்ப்பதுதான். முதலில் நிலையான மின்னோட்டத்தில் ஏற்றி, மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் அங்கேயே நிறுத்தி, பேட்டரி ஏற்கும் மின்னோட்டம் தானாகக் குறைவதைக் கவனித்து, நிறைவடைந்தபின் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்கிறது. குமிழியைப் பார்த்த கண்ணின் இடத்தில் ஒரு நுண்செயலி அமர்ந்திருக்கிறது. சுவீடனில் 1997இல் தோன்றிய சி-டெக் போன்ற நிறுவனங்கள் இதை வீட்டுக் கருவியாகப் பரப்பின; பனிக்காலம் முழுவதும் வண்டிகளை அடைத்து வைக்கும் நாடுகளின் தேவையிலிருந்து அது பிறந்தது. அதனால், சென்னையில் வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெப்பம் ஏறினால் பேட்டரியின் கசிவும் தகட்டு அரிப்பும் பெருகும். பத்துப் பாகை கூடினால் கசிவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. மிதவை மின்னழுத்தமோ, 12 வோல்ட் பேட்டரிக்குப் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைக்கப்பட வேண்டும். 25 பாகைக்குப் பொருத்தமான 13.5 வோல்ட், கத்திரி வெயிலில் 40 பாகை நிலவும் போர்ட்டிகோவில் 13.2 ஆக வேண்டும். வெப்பத்தை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளாத மலிவான சார்ஜரை மே மாதம் முழுவதும் மாட்டி வைப்பது, பேட்டரியைக் காப்பதற்குப் பதிலாக அதன் நீரை மெல்ல வற்றச் செய்யும். அத்தகைய கருவியை இரவில் மாட்டிக் காலையில் எடுத்துவிடுவதே நல்லது. பானட்டைத் திறந்து, சிவப்பு கிளிப்பை நேர்முனையிலும் கறுப்பு கிளிப்பை பேட்டரியிலிருந்து விலகிய வெற்று உலோகத்திலும் மாட்டிய பிறகே மின்சாரத்தைத் திறக்க வேண்டும் என்ற பழைய ஒழுக்கம், ஹைட்ரஜன் வாயுவின் அருகே தீப்பொறி எழாதிருக்க, இக்கருவிக்கும் அப்படியே பொருந்தும்.

மண்ணூர்பேட்டையில் இக்கருவியின் பரவலைத் தடுப்பது விலையை விடவும் இடவசதிதான். தனி வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு ஜன்னல் வழியே ஒயர் இழுக்கலாம். அடுக்குமாடியின் தரைத்தளத்தில், பொது மீட்டரில் எரியும் ஒரு குழல்விளக்கைத் தவிர வேறு இணைப்பு இல்லாத வண்டி நிறுத்துமிடத்தில் அது இயலாது. அங்கே இருப்போர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் ஏற்றுகிறார்கள், அல்லது நெடுநாள் பயணத்துக்கு முன் எதிர்முனையை மட்டும் கழற்றி வைக்கிறார்கள். பின்னது கசிவின் பெரும்பகுதியைச் செலவில்லாமல் நிறுத்தும் பழைய முறை. இப்போது மின்சாரக் கார்களுக்காகத் தனி மீட்டரோடு இணைப்புக் கேட்டு இத்தகைய குடியிருப்புச் சங்கங்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன. மின்சாரக் காரிலும் கதவுப் பூட்டையும் கணினியையும் இயக்க, பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியே உண்டு; அதை முதன்மை பேட்டரியிலிருந்து மின்னழுத்தம் குறைக்கும் சுற்றொன்று ஏற்றி வைக்கிறது. அந்தக் கார்களுக்கென்று தரைத்தளத்துக்கு வரும் இணைப்பில் 15 ஆம்பியர் பிளக் ஒன்றைக் கூடுதலாக வைக்கும்படி சங்கங்கள் கேட்டுப் பெற்றால், பக்கத்தில் உறை போர்த்தி நிற்கும் பெட்ரோல் கார்களின் பேட்டரிகளும் அதிலேயே நிறைவாக இருக்க வழி கிடைக்கும்.